துரையின் பென்சில்

சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கியவர்
முதலில் கேட்டது தண்ணீர்.
அடுத்துக் கேட்டது: இந்த ஊரில் கூத்து உண்டா?

பெல்லாமி துரை.
ஜாவாவில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர்.
பெட்டிக்குள் வைக்கோல் சுற்றிய தோல்பாவை ஒன்று,
மூக்கு நீண்டு, தோள் ஒடுங்கி,
யாரிடமோ கோபித்துக்கொண்டது போல.
நாளுக்கு ஆறணா என்று என்னைப் பேசிக்கொண்டார்.
அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது,
மற்றவர் சொல்வதில் கொஞ்சம் கழித்துச் சொல்வது,
இதுதான் வேலை.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குள் வண்டி நுழையவில்லை.
ஆமணக்கு மூட்டை குறுக்கே கிடந்தது.
புளி, கயிறு, கஞ்சமலை இரும்பில் அடித்த கொழு,
சேர்வராயன் மலையிலிருந்து கழுதை மேல் இறங்கிய
காப்பிக்கொட்டையின் பச்சை வாடை.
கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து துரை வரையத் தொடங்கினார்.

வெற்றிலைக் கவுளி எண்ணும் விரல்களைப் பார்த்து
'ஜாவாவிலும் இப்படித்தான்' என்றார்.
ஆட்டின் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பவனைப் பார்த்து
'ஜாவாவிலும் இப்படித்தான்.'
துண்டுக்கடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசும் தரகர் இருவரைக் காட்டி
'என்ன சொல்கிறார்கள்?' என்றார்.
துண்டுக்கடியில் நடப்பதை
எந்தப் பாஷையில் சொல்ல?

வெங்காயம் விற்ற நல்லக்காள் கத்தினாள்:
'படம் எழுதினா ஆயுசு குறையும்னு சொல்லு அந்த ஆளுக்கு.
இல்லாட்டி ரெண்டு படி வாங்கச் சொல்லு.'
வணக்கம் சொல்கிறாள் என்றேன்.
இவ்வூர்ப் பெண்கள் மரியாதை மிக்கவர்கள் என்று
துரை எழுதிக்கொண்டார்.

பின்னால் கயிற்றுக்கடைப் பெத்தண்ணன்
வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

இரவு, குகையில் இரணியன் கூத்து.
தீவட்டிக்கு இலுப்பெண்ணெய் ஊற்றி ஊற்றி
கண்ணெல்லாம் கரிப்புகை.
மூன்றாம் சாமத்தில் இரணியன் ஒற்றைக்கால் தூக்கி
'எங்கடா உன் ஹரி?' என்று உறுமிய நேரம்
கட்டியங்காரன் வந்தான்.
தலையில் பாக்கு மட்டைத் தொப்பி,
காதில் அடுப்புக்கரி,
கையில் பழைய முறம்.
பெத்தண்ணன்.

'அசையாதீர் மகாராஜா!
மூக்கு இன்னும் முடியலை.'
முறத்தில் கரியைத் தேய்த்தான்,
ஒரு கண்ணை மூடினான்,
இரணியனின் புஜக்கட்டையைத் தட்டிப் பார்த்து,
'ஜாவாவிலும் இப்படித்தான்!'

சந்தை சனமெல்லாம் அங்கேதான் இருந்தது.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
இரணியன் தூக்கிய கால் நடுங்க நின்றான்.
தூணென்று பிடித்திருந்த திரைக்குப் பின்னால்
நரசிம்மம் இருமிற்று.
பிரகலாதன் வேடம் கட்டிய பையன்
அம்மாவைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

'எதற்குச் சிரிக்கிறார்கள்?' துரை என் காதருகே.
'அவன் இரணியனுடைய கணக்குப்பிள்ளை.
வரி எழுதுகிறான்.'
துரை தலையாட்டினார்,
பென்சிலைச் சீவினார்,
வரைகிறவனை வரைந்தார்.
அதை வரைவதாகப் பெத்தண்ணனும் வரைந்தான்.
எத்தனை நேரம் அப்படிப் போயிற்றென்று தெரியாது.
விடிகிற வேளையில்தான் குடல் கிழிந்தது.

மூன்று வருஷம் கழித்துக் கலெக்டர் கச்சேரிக்கு
சீமையிலிருந்து ஒரு புத்தகம் வந்தது.
பைண்டு அருமை. தூசி தட்டுவது என் பொறுப்பு.
நூற்றுப்பதினோராம் பக்கத்தில் பெத்தண்ணன்:
தொப்பியின் நரம்பு ஒவ்வொன்றும் அப்படியே,
இடுங்கிய கண், காதில் கரி.
கீழே, 'சேலத்து நாடகத்தில் ஒரு குட்டிப் பூதம்.'
தன் முகம் அவருக்கே தெரியவில்லை.

படத்தின் ஓரத்தில், தலைப்பாகையும் பாதி முகமுமாக
இன்னொருவன் இருக்கிறான். பேர் இல்லை.
வாய் மட்டும் திறந்திருக்கிறது.
என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று
யோசித்துப் பார்க்கிறேன்.
பொய்யாகத்தான் இருக்கும்.